லைன் மாற்றினேன், தளம் திறக்கவில்லை: டிஎன்எஸ் கேள்வி பதில்

ஃபைபரிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு, பழைய கம்பெனியிலிருந்து புதிய கம்பெனிக்கு, வைஃபையிலிருந்து கேபிளுக்கு என டெஸ்க்டாப்பின் இணைப்பை மாற்றியதும் நெட் நின்றுபோனவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரி எண்ணைச் சொல்லும் சேவை. அதை எந்த சர்வரிடம் கேட்பது என்று கம்ப்யூட்டரில் ஓர் எண் இருக்கும், அதுதான் டிஎன்எஸ் எண். கேட்கும்போது எந்த ஓஎஸ் (விண்டோஸ், உபுண்டு போன்றது), முன்பு என்ன இணைப்பு, இப்போது என்ன இணைப்பு என்ற மூன்றையும் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேண்டுகோள்: எந்த எண்ணையும் மாற்றும் முன், இப்போது இருப்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நெட் போன பிறகு அதைத் தேடி எடுக்க வழி இருக்காது.

கேள்வி: விண்டோஸ் 11. வீட்டு ஃபைபர் வைஃபை கட் ஆகிவிட்டது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதே வைஃபை வழியாக இணைத்தேன். இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. போனில் எல்லாம் திறக்கிறது. அதே போனை யுஎஸ்பி வயரில் மாட்டினால் கம்ப்யூட்டரிலும் திறக்கிறது! இது எப்படி, அண்ணா?

பதில்: யுஎஸ்பி விஷயத்தையும் சேர்த்துச் சொன்னது நல்லதாயிற்று. பாதி பதில் அதிலேயே இருக்கிறது. விண்டோஸில் டிஎன்எஸ் எண் ஒவ்வொரு அடாப்டருக்கும், அதாவது வைஃபை, கேபிள் போன்ற ஒவ்வொரு இணைப்பு வாசலுக்கும், தனித்தனி. வைஃபை அடாப்டரில் யாரோ எப்போதோ கையால் எழுதி வைத்த எண், நீங்கள் எந்த வைஃபையில் சேர்ந்தாலும் கூடவே வரும். யுஎஸ்பியில் மாட்டும்போது விண்டோஸ் அதைப் புது அடாப்டராகப் பார்க்கிறது. அங்கே பழைய எண் கிடையாது, அதனால் வேலை செய்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள, ஹாட்ஸ்பாட் வைஃபையில் இருந்தபடியே கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பிங் 1.1.1.1 (ping 1.1.1.1) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். எதிர்ப்பக்கம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை பிங்; 1.1.1.1 எந்த லைனிலிருந்தும் பதில் சொல்லும் ஒரு பொது டிஎன்எஸ் சர்வரின் எண். பதில் வருகிறதா? அப்புறம் பிங் எக்ஸாம்பிள்.காம் அடியுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால், பாதை நன்றாக இருக்கிறது, முகவரி கேட்கும் இடம்தான் தவறு. அது டிஎன்எஸ் கோளாறு. இரண்டுக்குமே பதில் வரவில்லை என்றால் முதலில் இணைப்பைப் பாருங்கள், டிஎன்எஸ்ஸைத் தொடாதீர்கள்.

அடுத்து ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) அடியுங்கள். கொட்டும் வரிகளில் வைஃபை பகுதிக்கு வந்து, டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். உங்கள் ஃபைபர் கம்பெனியின் எண் அங்கே உட்கார்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்த சர்வர் செத்துப்போகவில்லை. தன் வாடிக்கையாளர் அல்லாதவருக்குப் பதில் சொல்ல மறுக்கிறது, அவ்வளவுதான். என்எஸ்லுக்அப் எக்ஸாம்பிள்.காம் (nslookup example.com) அடித்தால், சில இடங்களில் குவெரி ரெஃப்யூஸ்ட் என்று முகத்துக்கு நேரே சொல்லும். சில இடங்களில் டைம்ட் அவுட் என்று மௌனமாக இருந்துவிடும். மறுப்பதற்குக் காரணம் உண்டு. யார் கேட்டாலும் பதில் சொல்லும் சர்வரை வைத்து, பொய் முகவரியில் சின்னக் கேள்வி அனுப்பி, பெரிய பதில்களை வேறொருவர் தலையில் கொட்டவைக்கும் தாக்குதல் நடக்கிறது. அதனால் சொந்த ஆட்களுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று 2008இல் வந்த ஆர்எஃப்சி 5358 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் சொல்கிறது.

சரி, தீர்வு. விண்டோஸ் பட்டனுடன் ஆர் அழுத்தி, என்சிபிஏ.சிபிஎல் (ncpa.cpl) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வைஃபை மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 4. அங்கே இருக்கும் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, டிஎன்எஸ் முகவரியைத் தானாகப் பெறும் தேர்வுக்கு மாற்றுங்கள். கடைசியாக கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns). பிரவுசரை மூடித் திறங்கள்.

கேள்வி: கம்பெனி மாற்றினேன். புது ரவுட்டர் வந்தது. வைஃபையில் போன் ஓடுகிறது, கேபிள் போட்ட டெஸ்க்டாப் மட்டும் ஓடவில்லை. டிஎன்எஸ் 192.168.1.1 என்று இருக்கிறது. அது எந்தக் கம்பெனி எண்ணும் இல்லையே?

பதில்: அது உங்கள் பழைய ரவுட்டரின் வீட்டு முகவரி. புது ரவுட்டர் 192.168.0.1 ஆக இருந்தால், கம்ப்யூட்டர் இல்லாத ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஐபிகான்ஃபிக் /ஆல் காட்டும் டீஃபால்ட் கேட்வே எண்ணோடு, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரின் எண்ணோடு, ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஐபி முகவரியையும் (வலையில் உங்கள் கம்ப்யூட்டரின் எண்) கையால் எழுதியிருந்தால் கேட்வேயும் தவறாகத்தான் இருக்கும். எழுதி வைத்துக்கொண்டு இரண்டையும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

கேள்வி: ஃபிளஷ்டிஎன்எஸ் பத்து முறை அடித்துவிட்டேன். மாற்றமே இல்லை.

பதில்: அது நினைவில் வைத்த பழைய பதில்களைத் துடைக்கும். யாரிடம் கேட்பது என்ற அமைப்பைத் தொடாது. முதல் பதிலில் உள்ள வரிசைப்படி செய்யுங்கள்.

கேள்வி: என் ஐபி 169.254 என்று தொடங்குகிறது. எந்த டிஎன்எஸ் போடலாம்?

பதில்: எதுவும் போட வேண்டாம். ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை, விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள். பிறகு ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், ஐபிகான்ஃபிக் /ரினியூ.

கேள்வி: புது லைனில் எல்லாத் தளமும் திறக்கிறது, அலுவலகத் தளம் ஒன்று மட்டும் திறக்கவில்லை. விண்டோஸ் 10.

பதில்: இது எனக்குப் பிடித்த கேள்வி. டிஎன்எஸ் வருவதற்கு முன்பு, வலையில் உள்ள கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஆனால் அந்தப் பழைய கோப்பின் வாரிசு இன்றும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று போனால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு. நோட்பேடில் திறந்து பாருங்கள். அதில் ஒரு பெயருக்கு எண் எழுதியிருந்தால் விண்டோஸ் எந்த சர்வரையும் கேட்காமல் அதையே நம்பும். அலுவலகத்தில் யாராவது அந்தத் தளத்துக்கு ஒரு வரி சேர்த்திருக்கலாம். வரியை அழிக்காதீர்கள், முன்னால் ஒரு # போடுங்கள். வரியே இல்லை என்றால், அது அலுவலக வலைக்குள் மட்டும் தெரியும் பெயரா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: இணைந்திருக்கிறது, நெட் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதல் பதில். ஓஎஸ், பழைய இணைப்பு, புது இணைப்பு மூன்றும் சொல்லாமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

கேள்வி: நான் முதலாவதாக 8.8.8.8, இரண்டாவதாகப் பழைய கம்பெனி எண் வைத்திருக்கிறேன். ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் அல்லவா?

பதில்: முதலாவது பதிலே சொல்லாமல் இருந்தால்தான் இரண்டாவதைக் கேட்கும். அப்படி ஒரு பெயரே இல்லை என்று முதலாவது சொல்லிவிட்டால் அதுவே முடிவு. அந்தப் பழைய எண் உங்கள் புது லைனில் எப்படியும் மறுக்கும். 8.8.8.8 கூகுளின் பொது டிஎன்எஸ். இரண்டாவது வேண்டும் என்றால் அதே கூகுளின் 8.8.4.4 போடுங்கள். ஆனால் என் யோசனை, கம்ப்யூட்டரில் கையால் எதுவும் எழுதாதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள்.

மறுப்பு: இதை ஏற்க முடியாது. கம்பெனி டிஎன்எஸ் மெதுவானது. நாம் போகும் இடமெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் 1.1.1.1 போட்டுவிட்டால் லைன் மாற்றும்போது இந்தத் தொல்லையே வராதே?

பதில்: நியாயமான வாதம், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பொது சர்வர் எந்த லைனிலிருந்தும் பதில் சொல்லும் என்பது உண்மை. இல்லாத பெயரை அடித்தால் சில கம்பெனிகள் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டதும் உண்மை. அதைப் பார்த்து எனக்கும் கோபம் வந்திருக்கிறது.

ஆனால் தனியுரிமை? 1.1.1.1 போட்டாலும் கேள்வி போர்ட் 53 என்ற வழக்கமான டிஎன்எஸ் வாசல் வழியாகத் திறந்த கடிதமாகத்தான் போகிறது. கம்பெனி வேண்டுமென்றால் வழியிலேயே படிக்கலாம், தன் சர்வருக்கே திருப்பியும் விடலாம். எண்ணை மாற்றியதும் மறைந்துவிட்டோம் என்று நம்புவதுதான் ஆபத்து. அப்புறம், பொது இடத்து வைஃபையில் முதலில் வரும் உள்நுழைவுப் பக்கம் பல இடங்களில் அவர்கள் டிஎன்எஸ் வழியாகத்தான் வரும். நீங்கள் வேறு எண் எழுதியிருந்தால் அந்தப் பக்கமே வராமல் போகலாம். வீட்டு ரவுட்டருக்கு மட்டும் தெரிந்த பிரிண்டர் பெயரும் தெரியாமல் போகும்.

மறுப்பு: அப்படியானால் பிரவுசரிலேயே டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் (கேள்வியைப் பூட்டிய உறையில் அனுப்பும் முறை) போட்டுவிட்டால்? அதை வழியில் படிக்க முடியாதே.

பதில்: படிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். 2018இல் ஆர்எஃப்சி 8484 ஆக வந்த நல்ல ஏற்பாடு, போர்ட் 443 வழியாகப் போகும். ஆனால் நீங்கள் தொடர்புகொள்ளும் ஐபி முகவரி கம்பெனிக்குத் தெரியத்தான் செய்யும். கோளாறு பார்க்கும்போது இன்னொரு சிக்கல்: பிரவுசர் ஒருவரைக் கேட்கிறது, மற்ற புரோகிராம்கள் வேறொருவரைக் கேட்கின்றன. பிரவுசரில் தளம் திறக்கும், மெயில் புரோகிராம் இணையாது. ஒரு நண்பரின் கம்ப்யூட்டரில் இதே நிலையில் ஒரு மாலை முழுக்க ஃபயர்வாலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என்எஸ்லுக்அப் அடித்தபோதுதான், அடாப்டரில் பழைய லைனின் எண் இருந்தது தெரிந்தது.

மறுப்பு: வேகம்?

பதில்: பெரிய வீடியோ தளங்கள், கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்த்துப் பக்கத்து சர்வரைக் காட்டும். கம்பெனி டிஎன்எஸ் உங்கள் பக்கத்தில் இருக்கும். கூகுளின் 8.8.8.8 உங்கள் முகவரியில் ஒரு பகுதியைச் சேர்த்து அனுப்பும். 1.1.1.1 தனியுரிமைக்காக அனுப்பாது. பல நேரங்களில் வித்தியாசம் தெரியாது, சில லைனில் வீடியோ தூரத்திலிருந்து வரும். பொது டிஎன்எஸ் வேண்டும் என்று முடிவெடுத்தால் ரவுட்டரில் எழுதுங்கள். வீட்டில் அது எல்லாக் கருவிக்கும் போகும், வெளி இணைப்புக்குக் கம்ப்யூட்டரைத் தொடர்ந்து வராது. ரவுட்டரில் மாற்றும் முன்பும் பழைய எண்ணை எழுதி வையுங்கள்.

கேள்வி: எது அதிவேக டிஎன்எஸ்? கேமில் பிங் குறையுமா?

பதில்: குறையாது. கேம் தொடங்கும்போது முகவரி கேட்பதோடு டிஎன்எஸ் வேலை முடிந்துவிடும்.

கேள்வி: விபிஎன்னை நீக்கிய பிறகு வேறு லைனுக்கு மாறினேன். டிஎன்எஸ் 127.0.0.1 என்று இருக்கிறது. விண்டோஸ் 11.

பதில்: விட்டுப்போன எச்சம். 127.0.0.1 என்றால் உங்கள் கம்ப்யூட்டரே. அங்கே பதில் சொல்லிக்கொண்டிருந்த புரோகிராமை நீக்கிவிட்டீர்கள். ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

கேள்வி: உபுண்டுவில் 127.0.0.53 இருக்கிறது. அதையும் நீக்கவா?

பதில்: வேண்டாம்! அது சிஸ்டம்டி-ரிசால்வ்டு, உங்கள் கேள்வியை வாங்கி உண்மையான சர்வருக்கு அனுப்பும் உள்ளூர் ஆள். உண்மையான எண்ணைப் பார்க்க ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் (resolvectl status) அடியுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாகக் காட்டும். ரிசால்வ்.கான்ஃப் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். மாற்றுவதை நெட்வொர்க் மேனேஜரில் மாற்றுங்கள்.

கேள்வி: 9.9.9.9 போட்டிருக்கிறேன், ஆனால் என்எஸ்லுக்அப் அடித்தால் எஃப்இ80 என்று தொடங்கும் நீண்ட முகவரியைக் காட்டுகிறது.

பதில்: நீங்கள் ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள். புது லைனில் ஐபிவி6 என்ற புதிய, நீண்ட வகையும் வருகிறது, அதன் வழியே ரவுட்டர் தன்னையே டிஎன்எஸ்ஸாக அறிவிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் இப்படித்தான். அதனால்தான் ரவுட்டரில் எழுதச் சொன்னேன்.

கேள்வி: பழைய கம்பெனி டெபாசிட்டைத் தரவில்லை.

பதில்: அதை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். இங்கே டிஎன்எஸ் மட்டும்.

கேள்வி: வைஃபை இருக்கிறது, நெட் இல்லை.

பதில்: முதல் பதில், தயவுசெய்து. கேபிளும் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இரண்டும் இருந்தால் விண்டோஸ் வழக்கமாகக் கேபிளையே நம்பும், அந்த லைன் வெளியே செத்திருந்தாலும்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான். நீங்கள் சொன்னதுதான் அண்ணா, ஃபைபர் கம்பெனி எண் இருந்தது. மாற்றியதும் ஹாட்ஸ்பாட்டில் எல்லாம் திறக்கிறது. நாளை ஃபைபர் வந்ததும் அந்த எண்ணைத் திரும்பப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். வீட்டு வைஃபைக்கு மாறி, ஐபிகான்ஃபிக் /ஆல் அடித்துப் பாருங்கள். டிஎன்எஸ் வரி தானாக மாறியிருக்கும். ஏதாவது திறக்கவில்லை என்றால் அந்த வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள். தாளில் குறித்த பழைய எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன்.