மூலைவிட்டத்தில் மடித்தால் ஏன் பொருந்தவில்லை?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்குச் சமச்சீர் சொல்லிக்கொடுக்க ஏ4 தாளை மூலைவிட்டத்தின் வழியே மடித்தேன். இரண்டு பாதியும் ஒரே அளவுதான், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. “அப்போ இது சமச்சீர் கோடு இல்லையா?” என்கிறாள். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பதையும் தாளிலேயே காட்ட முடியுமா?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. தாளை மூலைவிட்டத்தில் வெட்டி, ஒரு பாதியை அரைச்சுற்றுச் சுற்றி வைத்தால் அடுத்த பாதியின்மேல் கச்சிதமாக உட்காரும். ஆனால் மடிப்பது என்பது சுற்றுவது அல்ல, புரட்டிப் போடுவது. புரட்டியும் பொருந்தினால்தான் அந்த மடிப்பு சமச்சீர் கோடு. சதுரத் தாளில் மூலைவிட்டம் பொருந்தும், செவ்வகத்தில் பொருந்தாது.

அந்தப் பொருந்தாத மடிப்பை உடனே பிரித்துவிடாதீர்கள். தாள் இரண்டு அடுக்காகக் கிடக்கும் பகுதியைப் பாருங்கள். அதுவே ஓர் இருசமபக்க முக்கோணம், மூலைவிட்டம்தான் அதன் அடிப்பக்கம். மூலைவிட்டம் எதிரெதிர் நீளப் பக்கங்களோடு உண்டாக்கும் இரு கோணங்களும் (அந்தப் பக்கங்கள் இணை என்பதால்) ஒன்றுவிட்ட கோணங்கள், எனவே சமம். மடித்ததும் அவற்றில் ஒன்று புரண்டு மேலே வருகிறது. அடியின் இரு முனையிலும் ஒரே கோணம், ஆகவே பக்கங்களும் சமம்.

நீங்கள் கேட்டது இதன் மறுதலை, அதாவது பக்கங்கள் சமமானால் அடிக்கோணங்களும் சமம் என்பது. அதற்குப் பலரும் தாளை இரண்டாக மடித்து, சாய்வாக வெட்டி, விரித்துக் காட்டுவார்கள். பார்க்க அழகு, ஆனால் இரண்டு அடுக்கையும் ஒரே வெட்டில் வெட்டினால் எல்லாமே சமமாகத்தானே வரும்? பதிலாக, காம்பஸ் வைத்து 12, 12, 8 செ.மீ. பக்கங்களுள்ள முக்கோணத்தை வரைந்து வெட்டுங்கள். உச்சியிலிருந்து, ஒரு 12 செ.மீ. பக்கம் மற்றதன்மேல் படியும்படி மடியுங்கள். நீளம் ஒன்றே என்பதால் முனைகள் சேர்ந்தே ஆகவேண்டும். முனைகள் சேர்ந்தால் அடிப்பக்கத்தின் இரு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும், அடிக்கோணங்களும் படியும். மடிப்பின் அடியில் உள்ள இரு கோணங்களும் பொருந்துவதால், 180 பாகையில் ஆளுக்குப் பாதி: 90. ஒரே மடிப்பு உச்சிக்கோணத்தையும் பாதியாக்கி, அடியையும் பாதியாக்கி, அதற்குச் செங்குத்தாகவும் நிற்கிறது. அடுத்து ஒரு பக்கத்தை 11 செ.மீ. ஆக்கி மடிக்கச் சொல்லுங்கள். முனைகள் 1 செ.மீ. விலகி நிற்கும். இரு பக்கங்கள் சமம் என்ற நிபந்தனை எங்கே வேலை செய்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

(இந்த விளையாட்டு நம் ஊருக்குப் புதிதல்ல. டி. சுந்தர ராவ் 1893இல் மதராஸில், மழலையர் பள்ளியின் காகித மடிப்புப் பெட்டியிலிருந்து யோசனை பெற்று, மடிப்பை வைத்தே வடிவியல் சொல்லும் நூலை வெளியிட்டார்.)

இப்போது பழைய ஏ4 தாளுக்கு வாருங்கள். மூலைவிட்ட மடிப்பைப் பிரிக்காமலே, அதன் இரு முனைகளையும் சேர்த்து மறுபடி மடியுங்கள். இம்முறை எல்லா ஓரமும் பொருந்தும். விரித்தால் இரண்டாவது மடிப்பு நீளப் பக்கங்கள் இரண்டையும் வெட்டும். அந்த இரு புள்ளிகளையும் மூலைவிட்டத்தின் முனைகளோடு பென்சிலால் இணைத்தால் சாய்சதுரம். அதன் பக்கம் சுமார் 22.3 செ.மீ., அதாவது தாளின் 29.7 செ.மீ. நீளத்தில் முக்கால் பங்கு. நீள அகல விகிதம் வேறான தாளில் முக்கால் வராது. ஒரு நோட்டுத் தாளைக் கொடுத்து மகளையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.