வண்டிச் சத்தம் கேட்டதும் குறைகிற டிவி

கேள்வி: எனக்கு 41 வயது. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. நிறையக் குடித்தவன் நான், ஆனால் மூன்று வருஷமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. போன வாரம் லீவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து 'டெஸ்பிகபிள் மீ 2' என்கிற கார்ட்டூன் படம் பார்த்தேன். பெரிய வில்லனாக இருந்தவன் திருந்தி மூன்று பெண் குழந்தைகளுக்கு அப்பாவாக இருக்கிறான், எல்லோரும் அவனை உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டில் அப்படி இல்லை. ஏடிஎம் கார்டு இன்னும் மனைவி கையில்தான். பெரியவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள். மற்றபடி மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, என் வண்டிச் சத்தம் கேட்டதுமே டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். குடித்த காலத்தில்கூட யாரையும் அடித்ததில்லை, ஒரே ஒருமுறை ரிமோட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன், அவ்வளவுதான். இன்னும் நான் என்னதான் செய்ய வேண்டும்?
பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்:

தம்பி, மூன்று வருஷம் தொடாமல் இருப்பது லேசான காரியம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு நான் பாராட்டுப் பத்திரம் எழுதப் போவதில்லை. இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன, ஊரும் வயதும்தான் மாறும், கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: நான் மாறிவிட்டேன், வீட்டில் இருப்பவர்கள் இன்னும் மாறவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவன் குடியை விடுவது அவன் கடமை. கடமையைச் செய்துவிட்டு, எனக்கு என்ன தருவீர்கள் என்று பிள்ளைகளிடம் கை நீட்டக் கூடாது.

ஏடிஎம் கார்டைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த டிவி விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டிச் சத்தம் கேட்டதுமே டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் மரியாதை என்ற கணக்கில். அந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள். நீங்கள் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. செருப்பைக் கழற்றவில்லை, கேட்டைத் திறக்கவில்லை, வண்டி தெருமுனையில் திரும்புகிறது, அவ்வளவுதான். உள்ளே ஒரு பிள்ளை அதைக் கேட்டுவிடுகிறாள். தெருவில் போகிற அத்தனை வண்டிகளுக்கு நடுவில் உங்கள் வண்டி எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு எதற்குத் தம்பி இந்தத் திறமை? சாயங்காலம் சிரித்துக்கொண்டு ஏதோ பார்க்கும்போதும் ஒரு காதைத் தெருவில் வைத்திருக்கிற பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது?

இந்தப் பழக்கம் உள்ள பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரியவர்களான பிறகும் இது போவதில்லை, கல்யாணமாகிப் போன வீட்டிலும் கதவுச் சத்தத்தை வைத்தே வந்தவரின் மனநிலையைக் கணிப்பார்கள், கணித்துவிட்டு அதற்கேற்ற மாதிரி முகத்தை மாற்றிக்கொள்வார்கள். உங்கள் பெரியவள் இப்போது அந்தப் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். சின்னவள் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள்.

அடுத்த வரியிலேயே ரிமோட் வருகிறது. ஒரே ஒருமுறை, அவ்வளவுதான். சரி, ஒருமுறைதான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ரிமோட் எங்கே போய் விழுந்தது? சுவரிலா, ஷோகேஸிலா, யார் தலைக்குப் பக்கத்திலாவதா? பின்மூடி கழன்று பேட்டரி இரண்டும் கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்குமே, அதைக் குனிந்து தேடி எடுத்தது யார்? மறுநாள் காலையில் அந்த மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது யார்? உங்களுக்கு நினைவிருக்காது, நீங்கள் தூங்கியிருப்பீர்கள். பெரியவளிடம் கேளுங்கள், அன்றைக்கு டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது வரை சொல்வாள். அடித்ததில்லை என்பதைப் பெருமையாக எழுதாதீர்கள். பிள்ளைக்குப் பயம் வர அடி விழ வேண்டும் என்று கட்டாயமில்லை, அடுத்தது என்ன நடக்கும் என்று தெரியாமல் இருந்தாலே போதும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். எல்லோரும் அவனை உடனே ஏற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்கவே இல்லை. நீங்கள் பார்த்தது 2013-ல் வந்த இரண்டாம் பாகம். 2010-ல் வந்த முதல் பாகத்தில், அந்த வில்லன் க்ரூ மூன்று பெண்களையும் அநாதை ஆசிரமத்திலிருந்து அழைத்து வருவதே பாசத்தால் இல்லை, வெக்டர் என்கிற இன்னொரு வில்லனின் கோட்டைக்குள் நுழைய பிஸ்கட் விற்கிற குழந்தைகள் தேவைப்பட்டார்கள் என்பதால்தான். அப்புறம் மனசு கொஞ்சம் இளகிய நேரத்தில், நிலாவைத் திருடுகிற வேலைக்கு இடைஞ்சல் என்று அவர்களைத் திருப்பி அனுப்பவும் விட்டுவிடுகிறான். நடன நிகழ்ச்சிக்கு வருவேன் என்று வாக்குக் கொடுத்தவன் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, போனபோது நாற்காலிகள் காலியாகிவிட்டன. கடைசியில் ஆகாயத்தில், வெக்டரின் விமானத்தில் மாட்டிக்கொண்ட மூத்தவள் மார்கோவைப் பார்த்து, குதி, நான் பிடிக்கிறேன் என்கிறான். அவள் உடனே குதித்தாளா? எங்களைத் திருப்பிக் கொடுத்தாயே என்று அந்த உயரத்திலும் கேட்டாள். தெரியும், நான் செய்ததிலேயே பெரிய தப்பு அது என்றான். சூழ்நிலை அப்படி என்று சொல்லவில்லை, ஒருமுறைதான் என்று சொல்லவில்லை, இப்போதுதான் மாறிவிட்டேனே என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் குதிக்கத் துணிந்தாள். நீங்கள் அந்தக் கேள்வியைத் தாண்டி வந்து, நேராக இரண்டாம் பாகத்தின் சந்தோஷத்தில் உட்கார நினைக்கிறீர்கள்.

அந்த இரண்டாம் பாகத்திலாவது எதற்காக அழுதீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் க்ரூவைக் கண்டு பயப்படுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. யாருக்கு மெசேஜ் அனுப்புகிறாய், அது பையன் பெயரா பெண் பெயரா என்று கேட்டால், எதுவாக இருந்தால் என்ன என்கிற மாதிரி மார்கோ முகத்தைப் பார்த்தே திருப்பிக் கேட்கிறாள். கடைக்குட்டி ஆக்னஸ் அன்னையர் தின விழாவுக்கு ஒப்பிக்க வேண்டிய வரிகளை அவனிடம் சொல்லிக்காட்டுகிறாள், உயிரே இல்லாமல். இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோடு சொல் என்றால், எனக்குத்தான் அம்மாவே இல்லையே என்கிறாள். எவ்வளவு பெரிய வார்த்தை அது! இந்த வீட்டில் இது குறைகிறது என்று ஒரு சின்னக் குழந்தை அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்கிறது. அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, கற்பனை செய்துகொள்ளேன் என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறான். சமாளித்தது சுமார்தான், ஆனால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் கோபப்படுவானோ என்று அவள் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. உங்கள் சின்னவள் உங்களிடம் இப்படி ஒரு குறையைச் சொல்லி எத்தனை நாள் ஆகிறது?

பிறந்தநாள் காட்சியையும் பார்த்திருப்பீர்கள். வரவேண்டிய தேவதை வேஷக்காரி வரவில்லை என்றதும், முன்னாள் வில்லன், அந்த உடம்பை வைத்துக்கொண்டு, தானே கவுன் போட்டு கிரீடம் வைத்துத் தேவதையாக வந்து நிற்கிறான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள். அது நீங்கதான்னு எனக்குத் தெரியும், மற்ற பசங்களுக்காகத்தான் தெரியாத மாதிரி நடிக்கிறேன் என்று ஆக்னஸ் அவன் காதோடு சொல்கிறாள். அப்பாவைக் காப்பாற்றுகிறாள் குழந்தை. உங்கள் பெரியவளும் நடிக்கிறாள் தம்பி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரிப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள், அம்மாவைக் காப்பாற்ற, தங்கையைக் காப்பாற்ற. ஆக்னஸ் அன்பினால் நடித்தாள். உங்கள் பெண்ணை நீங்கள் நடிக்க வைத்திருக்கிறீர்கள், அதைத்தான் எனக்கு மரியாதை என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

குழந்தைகள் இருக்கிற வீடு சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்பன் வந்ததும் அமைதியாகிற வீட்டைப் பார்த்து, நல்ல ஒழுக்கமான குடும்பம் என்று அந்தக் காலத்தில் மெச்சிக்கொள்வார்கள். நான் மெச்ச மாட்டேன். வேலை முடிந்து வருகிற அப்பாவைப் பார்த்து, பேனா வாங்கிட்டு வந்தீங்களா, இவ என்னை அடிச்சிட்டா என்று பிள்ளைகள் மொய்க்க வேண்டும். அந்த இரைச்சல் அவனுக்குக் கிடைக்கிற பெரிய சொத்து.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். நாளைக்கே போய், சத்தமா வைங்க, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று அறிவிக்காதீர்கள். அதுவும் உத்தரவுதான், அதற்கும் கீழ்ப்படிந்து சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் பெரியவளிடம் தனியாகப் பேசுங்கள். பொதுவாக மன்னிப்புக் கேட்காதீர்கள், அந்த ரிமோட் ராத்திரியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்கு நான் எறிந்தேன், நீ பயந்தாய், அது என் தப்பு, குடி மேல் பழி போட மாட்டேன் என்று சொல்லுங்கள். மூன்று வருஷம் இப்படி இருக்க உங்களுக்குக் கூட்டங்களோ ஆஸ்பத்திரியோ துணையாக இருந்திருக்கும். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் 12 படிகளில் ஒன்பதாவதே இதுதான்: யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் நேரில் போய், முடிந்த மட்டும் அதைச் சரிசெய்வது, அப்படிப் போவது அவர்களை இன்னும் புண்படுத்தும் என்றால் தவிர. எட்டுப் படி ஏறியவன் ஒன்பதாவதில் நின்றுகொண்டு, இவர்கள் ஏன் இறங்கி வரவில்லை என்று கேட்கலாமா?

சொல்லிவிட்டு பதிலை எதிர்பார்க்காதீர்கள். சரிப்பா என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு அவள் எழுந்து போகலாம். அழலாம். நீங்க நிறுத்தினது எனக்காக இல்லையே என்று சுருக்கென்று கேட்கலாம், கேட்டால் அது நல்ல சகுனம், வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் வருகிற சின்னச் சின்ன விஷயங்களில்தான் அவள் உங்களைச் சோதிப்பாள், தெரிந்து சோதிக்க மாட்டாள், ஆனால் சோதிப்பாள். கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்த பேப்பரில் கையெழுத்துக் கேட்டு வரும்போது, சின்னவள் டம்ளரை உங்கள் சட்டை மேல் கவிழ்க்கும்போது, கிரிக்கெட் ஓடுகிற நேரத்தில் அவர்கள் கார்ட்டூன் வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் சரியாக இருந்தால் போதாது, சலிக்காமல் இருக்க வேண்டும். எத்தனை மாதம் என்று என்னைக் கேட்காதீர்கள், அவள் பயந்த காலத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

இன்னொன்று. அந்தப் படத்தில் க்ரூவின் கூட்டாளி டாக்டர் நெஃபாரியோ, ஜாம் ஜெல்லி செய்கிற நல்ல தொழில் சலித்துப்போய், பழைய கெட்ட வேலைதான் பிடித்திருக்கிறது என்று விட்டுப் போவார். பிறகு எல் மாச்சோ என்கிற வில்லன் வீட்டு விருந்தில், ஆட்டம் பாட்டத்துக்கு நடுவில், வா சேர்ந்து செய்யலாம் என்று க்ரூவுக்கே அழைப்பு வரும். அவன் வாதாடவில்லை, ஏதோ சொல்லி நழுவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். வீட்டில் என்னை நம்பவில்லை என்கிற மனக்குறையோடு சுற்றுகிறவனுக்கு இப்படி அழைப்புகள் நிறைய வரும். உங்களை நம்புகிறேன் என்று முதலில் சொல்கிற ஆள் பழைய கூட்டாளியாகத்தான் இருப்பார். ஜாக்கிரதையாக இருங்கள், இந்த மனக்குறையை வளர்க்காதீர்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஏடிஎம் கார்டோடு சேர்த்து. நீங்கள் குடித்த வருஷங்களில் ஸ்கூல் பீஸ் கட்டியது, வீட்டு ஓனரிடம் பேசியது, உங்கள் ஆபீசுக்கு போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொன்னது எல்லாம் யாராக இருக்கும்? குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் இருக்கின்றன, அங்கே போய்ப் பேச அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் அந்த நேரத்தில் இட்லி ஊற்றிப் பிள்ளைகளுக்குப் போடுவது உங்கள் வேலை. விருப்பமில்லை என்றாலும் இட்லியை நீங்களே ஊற்றுங்கள். ஏடிஎம் கார்டு அவரிடமே இருக்கட்டும். வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டும் என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.