பயிலரங்கில் கற்ற உத்தி வகுப்பறையில் நிலைக்க என்ன செய்யலாம்?

ஆய்வில் பலன் தரும் என்று தெரிந்த உத்திகளைத்தான் பயிலரங்கில் சொல்லித் தருகிறோம், ஆசிரியர்களும் ஆர்வமாகக் கற்கிறார்கள், ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியராக இருக்கிறேன். சில ஆண்டுகளாக இளம் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியர் பொறுப்பும் உண்டு. நான் கண்டவரை ஒரு வழிதான் உருப்படியாக வேலை செய்கிறது. பயிலரங்குக்கு வந்த ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் போய் உட்காருங்கள், ஒரே ஒரு செயலை மட்டும் கவனியுங்கள், அன்றைக்கே பேசுங்கள், அடுத்த வாரம் மறுபடி போங்கள்.

தொடக்கநிலை 3இல் ஒரு வகுப்பைச் சொல்கிறேன். தமிழில் கூடுதல் துணை தேவைப்படும் சின்னக் குழு அது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். அந்த ஆசிரியர் எடுத்துக்கொண்ட உத்தி, கேள்வி கேட்டபின் காத்திருப்பது. 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ இதை ஆராய்ந்து சொல்லிவிட்டார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் வாய் திறக்கிறது.

கேட்க எளிதாக இருக்கும். நான் பின்னால் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டேன். 14 கேள்விகள். அதில் 11 கேள்விகளுக்கு ஒரு விநாடிக்குள் அவரே பதிலைச் சொல்லிவிட்டார், அல்லது கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டார். இடைவேளையில் தாளை மட்டும் நீட்டினேன். "அக்கா, நான் காத்திருக்கிறேன்னுதான் நெனச்சேன்" என்றார். உண்மைதான், வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு ஒரு விநாடி அமைதிகூட ஒரு யுகம்.

அங்கே அறிவுரை எதற்கும் உதவாது. காலி வகுப்பறையில் ஒத்திகை பார்த்தோம், நான் மாணவியாக உட்கார்ந்தேன். கேள்வியைக் கேட்டதும் மேசை விளிம்பில் விரலை வைத்து மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. பத்து முறை செய்தோம். மூன்றாவது முறை நான் வகுப்புக்குப் போனபோது, "மழை வந்தா நீ என்ன செய்வே?" என்று ஒரு பையனைக் கேட்டார். அமைதி. அவர் விரல் மேசையில் இருந்தது. நான்கு விநாடி போயிருக்கும். "நான்... பாட்டி வீட்டு ஜன்னல்ல நின்னு பாப்பேன்." அதுவரை தலையாட்டல் மட்டுமே பதிலாகத் தந்த பிள்ளை. அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி அவர் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் நினைவூட்ட வேண்டி வரவில்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமில்லை. கல்வி ஆய்வாளர்கள் கிராஃப்ட், பிளேசர், ஹோகன் மூவரும் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, இப்படி அருகிருந்து வழிகாட்டுவது கற்பித்தலையும் மாணவர் அடைவையும் உயர்த்துகிறது என்று காட்டியது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாக அந்தப் பலன் குறைந்தது. நூறு பேருக்கு ஒரே நேரத்தில் செய்ய ஆசைப்படுபவர்கள் இந்த இரண்டாவது செய்தியைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

உத்தியை எவ்வளவு மாற்றலாம் என்பதும் பெரிய கேள்வி. திரும்பத் திரும்ப வாசிக்கவைக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பத்தி, பக்கத்தில் கேட்க ஒருவர், பிழையை உடனே திருத்துவது, இந்த மூன்றும்தான் உயிர். இவற்றில் கைவைக்கக் கூடாது. ஆனால் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்கு வகுத்த அளவைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் பிள்ளைக்கு அநியாயம். 'வாசித்துக்கொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று. ஒரு ஆசிரியர் தம் மாணவர்கள் எல்லாரும் பின்தங்கியவர்கள் என்று கலங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன், காரணம் அந்த அளவுகோல்தான். அந்தந்தப் பிள்ளையின் போன வார வாசிப்போடு ஒப்பிடுங்கள், போதும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். வகுப்பில் நான் குறிப்பெடுக்கும் தாள் பணித்திறன் மதிப்பீட்டுக்குப் போகாது, துறைத்தலைவரிடமும் போகாது. அதை ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிடுவேன். மதிப்பெண் போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் அவர் தம் சிறந்த பாடத்தைத்தான் காட்டுவார். சிக்கல் இருக்கும் பாடத்தை நாம் பார்க்கவே முடியாது.

நேரமில்லை என்பார்கள். இங்கே சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சிக்கு இடமுண்டு. அதில் ஒரு பகுதியை அவரவர் வகுப்பறையிலேயே செலவிட முதல்வரிடம் கேளுங்கள். தாமாக விரும்பி வரும் ஓர் ஆசிரியரோடு தொடங்குங்கள். நீங்கள் எதையும் சொல்லித் தருவதற்கு முன்னால் அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "நாளைக்கு உங்க வகுப்புல நான் எதை எண்ணணும்?"