35 வயதுவரை ஓர் அறை: வாடகை பற்றி ஒரு கடிதம்

மதிப்புக்குரிய அண்ணா,

லண்டனில் தனித்து வாழும் எங்கள் ஆண்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். வாடகையைப் பற்றி அதில் ஒரு வரிதான் இருந்தது. எனக்கோ இப்போது காலையில் எழுந்தால் அந்த ஒரு நினைவுதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வயது 33. மணமுறிவுக்குப் பின் வெளிலண்டனில் ஒரு ஸ்டூடியோ பிளாட்டில் தனியாக இருக்கிறேன். மாத வாடகை 950 பவுண்டுகள். வேலை செய்துவந்த வெயார்ஹவுஸில் ஆட்குறைப்பு நடந்து சென்ற ஆண்டின் இறுதியில் வேலை போய்விட்டது. அரசின் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தேன். வாடகைக்கென்று 620 பவுண்டுகள் மட்டுமே தருகிறார்கள். கேட்டால், “உங்கள் வயதுக்கு அவ்வளவுதான்” என்கிறார்கள். இது கணக்குப் பிழையா? தன் வீட்டுக்கே வந்துவிடும்படியும், வாடகை வாங்குவதாக எழுதித் தருவதாகவும் என் அண்ணன் சொல்கிறார். தெரிந்த கடைக்காரர் ஒருவர் கையில் காசாகத் தருகிறேன், வந்து நில் என்கிறார். அம்மாவுக்கு மாதம் 100 பவுண்டுகள் ஊருக்கு அனுப்பிவருகிறேன். எனக்கு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இந்த மாதம் வாடகையில் பாதிதான் கட்டியிருக்கிறேன். நான் எதைச் செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்பின் தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய கொடுப்பனவு விபரத்தைப் பார்த்தேன். 2025-26க்கான அடிப்படைத் தொகை 400.14, வாடகைக்கு 620.00, முதல் கொடுப்பனவுக்காகக் காத்திருந்த ஐந்து கிழமைகளில் நீங்கள் பெற்ற முற்பணத்துக்கான கழிவு 36.00, கைக்கு வருவது 984.14. இதில் 950ஐ வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால், உணவு, மின்சாரம், தொலைபேசி, பஸ் எல்லாவற்றுக்குமாக ஒரு மாதத்துக்கு 34 பவுண்டுகள் மிஞ்சும். உங்கள் சிக்கனத்தில் ஏதோ குறை என்று கடிதத்தின் இங்கே வெளியிடாத ஒரு பகுதியில் எழுதியிருந்தீர்கள். இந்த 34 பவுண்டுகளில் மாதத்தை ஓட்டக்கூடிய சிக்கனம் யாரிடமும் கிடையாது.

கணக்கில் பிழை இல்லை. தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு, லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்ற உச்சவரம்புக்குள்தான் வாடகை உதவி கிடைக்கும். 2008இல் நாடு முழுவதற்கும் வந்தபோது இந்த வரம்பு அந்தந்தப் பகுதி வாடகைகளின் நடுமட்டத்தில் நின்றது. 2011இல் அதை அடிமட்டத்து முப்பது வீதத்துக்கு, அதாவது பத்து வீடுகளில் மிக மலிவான மூன்றை மட்டும் எட்டும் அளவுக்கு இறக்கினார்கள். அதன் பிறகு ஆண்டுக்கணக்காக உறையவைப்பதும் இடையிடையே உயர்த்துவதுமாக இருந்து, கடைசியாக 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள். அந்த உயர்வும் 2023 செப்டம்பர் வரையான வாடகைகளை வைத்துக் கணித்தது. அதன் பின்னர் தொகை அசையவில்லை. வாடகை நின்ற இடத்தில் நிற்கவில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மேல் உங்கள் வயது வருகிறது. பிள்ளைகள் இல்லாத, 35 வயதுக்குக் குறைந்த, தனியாக வாழும் ஒருவர் தனி வீட்டில் இருந்தாலும், பிறரோடு பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கு உரிய தொகையையே பெறுவார். இந்த விதி முன்பு 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. 2012 ஜனவரியில் 35ஆக உயர்த்தினார்கள். இதை ஒரு நேர்மையான விதியாக என்னால் ஏற்க முடியவில்லை. வேலை செய்தபோது உங்களை முழு மனிதராகக் கருதி வரி வாங்கிய அரசு, வேலை போன அன்று உங்களை வேறொருவரின் வீட்டில் ஓர் அறைக்கு உரியவராகக் கருதுகிறது. ஒரு குடும்பம் உடைந்து வெளியே வந்த மனிதருக்குத் தன் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை 33 வயதில் வேண்டாததும் 35 வயதில் வேண்டியதும் எப்படி ஆகும்?

ஆனால் விதிக்கு விலக்குகள் இருக்கின்றன. அவை பொருந்துகின்றனவா என்று யாரும் உங்களைக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. பிப் எனப்படும் உடற்குறைபாட்டு உதவித்தொகையின் அன்றாட வாழ்க்கைப் பகுதியைப் பெறுபவர்கள், வீடற்றோர் விடுதியில் மூன்று மாதங்கள் தங்கி மீள்குடியேற உதவி பெற்றவர்கள், சிறுவயதில் அரச பராமரிப்பில் வளர்ந்து இன்னும் 25 வயதாகாதவர்கள் ஆகியோருக்கு ஒரு படுக்கையறை வீட்டுக்கான வரம்பு கிடைக்கும். 2022 அக்டோபர் முதல் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இது உண்டு. மணமுறிவைப் பற்றி நீங்கள் மேலதிகமாக எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. ஆண்களும் இந்த விலக்கைக் கோரலாம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஏதாவதொன்று பொருந்துமென்றால் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கின் ஆன்லைன் ஜேர்னலில் அதை எழுதி, முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மேன்டட்டரி ரீகன்சிடரேஷன் என்ற மறுபரிசீலனையைக் கேளுங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் 620 பற்றி வாதாடுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

35 வயதானதும் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். லண்டனில் தனியாளுக்கு மொத்த உதவித்தொகை ஆண்டுக்கு 16,967 பவுண்டுகளைத் தாண்டக் கூடாதென்று இன்னொரு வரம்பு இருக்கிறது, மாதத்துக்கு 1,413.92. உங்கள் விபரத்தில் உள்ள அடிப்படைத் தொகையான 400.14ஐக் கழித்தால் வாடகைக்கு மிஞ்சுவது 1,013.78. அந்த வரம்பு 2023 ஏப்ரலிலிருந்து மாறவில்லை என்பதால், அடிப்படைத் தொகை உயரும் ஒவ்வொரு முறையும் வரம்பில் நிற்பவருக்கு வாடகைப் பங்கு அதே அளவு சுருங்குகிறது. உங்கள் 950க்கு இப்போதைக்கு இடமிருக்கிறது, ஆனால் வாடகை ஏறினால் இருக்காது.

ஆகவே 950க்கும் 620க்கும் இடையிலான இந்த 330 பவுண்டு இடைவெளியை, யூனிவர்சல் கிரெடிட்டைக் கவனிக்கும் ஜொப் சென்டரில் நிரப்ப முடியாது. அதற்கான கதவு உங்கள் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலில் இருக்கிறது. டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட் என்பது இப்படி வாடகைக்கும் உதவிக்கும் இடையில் விழும் குறையைத் தற்காலிகமாக ஈடுசெய்யும் தொகை. 2026 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் இது ஒரு புதிய நெருக்கடிகால நிதியோடு சேர்க்கப்படுவதால் படிவத்தின் பெயர் மாறியிருக்கக் கூடும். வாடகைக் குறைநிரப்பு உதவி என்று கேட்டால் விளங்கும். இது உரிமையாகக் கிடைப்பதன்று, கவுன்சிலின் விருப்புரிமை. அதனால்தான் படிவத்தை நிரப்பும் விதம் முக்கியமாகிறது.

எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: வறுமையைக் காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு, செலவுப் பக்கத்தில் உணவுக்கு 80, உடைக்கு 0, பயணத்துக்கு 0 என்று எழுதுகிறார்கள். வரவும் செலவும் சரியாகப் பொருந்திவிடுகின்றன, இவருக்குக் குறையே இல்லையே என்று விண்ணப்பம் திரும்பிவிடுகிறது. உண்மையில் செலவாவதை எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போன பஸ் காசு, மின்சார மீட்டருக்குப் போட்ட காசு, வேலை தேடப் பயன்படும் தொலைபேசிக் கட்டணம், முற்பணக் கழிவான 36, கட்டாமல் விட்ட பாதி வாடகை எல்லாவற்றையும் எழுதுங்கள். இந்த உதவி உங்களுக்கு எதுவரை வேண்டும், அதற்குள் வேலை தேடவோ வேறிடம் பார்க்கவோ என்ன செய்கிறீர்கள் என்பதைத் தனித்தாளில் இரண்டு பந்திகளாக இணையுங்கள். அதைத்தான் அதிகாரி தேடுவார்.

அம்மாவுக்கு அனுப்பும் 100 பவுண்டுகளைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கவுன்சில் அதைத் தவிர்க்க முடியாத செலவாக எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. வங்கி விபரத்தைக் கேட்டால் அது தெரியவரும், மறைக்கவும் கூடாது. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி. பிள்ளை வாடகை கட்ட முடியாமல் இருக்கும்போது அந்தக் காசில் சமைத்தோம் என்று பின்னாளில் தெரியவந்தால், எந்தத் தாய்க்கும் அது இதைவிடப் பெரிய வேதனையாக இருக்கும்.

வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வரியான கவுன்சில் டக்ஸ் பற்றி நீங்கள் எதுவும் எழுதாதது எனக்குக் கவலை தருகிறது. யூனிவர்சல் கிரெடிட் கிடைத்தால் அதுவும் தானாகக் குறைந்துவிடும் என்று நினைத்து, கட்டாமலும் விண்ணப்பிக்காமலும் இருந்து, கடைசியில் நீதிமன்றக் கடிதத்தோடு வருபவர்கள் பலர். தனியாக வாழ்பவருக்கு 25 வீதக் கழிவு உண்டு. அதற்கு மேல், வருமானம் குறைந்தவருக்கான குறைப்பை ஒவ்வொரு கவுன்சிலும் 2013இலிருந்து தன் சொந்த விதிப்படி தருகிறது. இரண்டையும் நீங்களே கேட்க வேண்டும், இன்றே கேளுங்கள்.

இனி அண்ணன் வீடு. அவர் பாசத்தோடுதான் சொல்கிறார். ஆனால் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் தாம் வாழும் வீட்டிலேயே உங்களைக் குடிவைத்து வாடகை வாங்கினால், அந்த வாடகைக்கு உதவி கிடையாது. அவர் எழுதித் தரும் கடிதம் உங்களைக் காப்பாற்றாது, உறவை மறைத்தால் இருவருக்குமே வழக்கு வரும். வாடகை உதவியை மறந்துவிட்டு, அடிப்படைத் தொகையோடு சில மாதங்கள் அங்கே இருப்பதென்றால் அது நல்ல வழிதான். உங்கள் இடத்தில் இருந்தால் அதை நான் தீவிரமாக யோசிப்பேன். ஆனால் பிளாட்டின் ஒப்பந்தத்தை முறைப்படி முடித்த பிறகே போக வேண்டும், இல்லாவிட்டால் அங்கும் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். நீங்களாக வீட்டை விட்டீர்கள் என்று கவுன்சில் பிற்பாடு சொல்லக்கூடும் என்பதால், வெளியேறும் முன் ஓர் ஆலோசகரிடமும் கதைத்துவிடுங்கள்.

கடைக்காரரின் கையில் காசு வேண்டாம். பிடிபட்டால் வாங்கிய உதவியையும் திருப்பிக் கட்டித் தண்டமும் கட்ட வேண்டியிருக்கும். அதே கடையில் பதிவோடு, சம்பளச் சீட்டோடு சில மணிநேர வேலை தரச் சொல்லுங்கள். உழைக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் குறையும், அதாவது மாதம் 400 உழைத்தால் உங்களிடம் 180 மிஞ்சும். உழைப்பின் பாதிக்கு மேல் போவது நியாயமில்லைதான். ஆனால் அந்த 180 உங்கள் இடைவெளியில் பாதியைத் தாண்டி அடைக்கும். அடுத்த வேலைக்கு ஒரு சான்றும் கையில் இருக்கும்.

வீட்டுக்காரரிடம் மௌனமாக இருக்காதீர்கள். பாதி வாடகை ஏன் வந்தது, மீதிக்கு எங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் கொடுங்கள். காசு உங்கள் கணக்குக்கு வரும் நாளுக்கு அடுத்த நாளை வாடகை நாளாக மாற்றித் தரும்படி கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்துவிட்டால் வாடகைப் பங்கை நேரே அவருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் வழியும் உண்டு. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் செக்ஷன் 21 நோட்டீஸை இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் கொடுக்க முடியாது. வாடகைப் பாக்கிக்காக வெளியேற்றும் வழி அதன் பின்னும் உண்டு. எந்த நோட்டீஸ் வந்தாலும் அந்தத் திகதியில் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள், நீதிமன்ற உத்தரவின்றி உங்களை வெளியேற்ற முடியாது. 56 நாட்களுக்குள் வீடிழக்கும் நிலை என்றால், 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தனியாள் என்ற காரணத்துக்காக உங்களைத் திருப்பி அனுப்பாமல் வீட்டைக் காப்பாற்ற உதவும் கடமை கவுன்சிலுக்கு உண்டு.

கடைசியில் ஓர் அறைக்கு மாற வேண்டிவரலாம். அந்த விதியை நான் எவ்வளவு வெறுத்தாலும், மாதாமாதம் 330 பவுண்டு கடனில் உங்களை இருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் அறை பார்த்தால், ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், வாடகையை வங்கி வழியாகத்தான் கட்டுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். “இங்கே பெனிபிட் போட வேண்டாம்” என்று, அதாவது இந்த முகவரியில் உதவித்தொகை கேட்க வேண்டாம் என்று, சொல்லும் வீட்டுக்காரரிடம் போகவே வேண்டாம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: அரச நிதியுதவி பெற முடியாது என்ற நிபந்தனையோடு விசா வைத்திருப்பவர்கள், எந்த விண்ணப்பத்தையும் போடும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்க வேண்டும்.

தம்பி, இந்தக் கிழமைக்குள் கவுன்சிலுக்கு வாடகைக் குறைநிரப்பு, கவுன்சில் டக்ஸ் ஆகிய இரண்டு விண்ணப்பங்களையும் அனுப்பிவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தோடு இலவச ஆலோசனை தரும் அமைப்புகளான சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கோ ஷெல்டருக்கோ போங்கள். ஆங்கிலத்தில் கதைக்கத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். படிவத்தின் செலவுப் பக்கத்தை அனுப்புமுன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்
அண்ணா