தென்னை மரத்தடியில் டென்ட்: பண்ணையில் தங்கப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம்தான். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தோப்புகளில் கட்டில், மெத்தை, மின்விசிறி, ஒட்டிய குளியலறை என்று வசதியாகப் போட்டிருக்கிறார்களே டென்ட், அதில் குடும்பத்தோடு தங்கலாமா என்பார்கள். நானும் தோப்பு வைத்து, நாலு டென்ட் போட்டிருப்பவன். அதனால் கொஞ்சம் விவசாயி பக்கம் சாய்ந்துதான் பதில் சொல்வேன்.

விளம்பரப் படத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே டென்ட் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. அதையே கேட்டு வாங்கலாமா?

வேண்டாம். தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும், அதே கணக்கில் பழைய மட்டை ஒன்று காய்ந்து விழும். நாற்பது, ஐம்பது அடி உயரத்திலிருந்து அது வரும்போது கேன்வாஸ் துணி எந்த மூலைக்கு? காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உரிக்காத காய் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். நாங்கள் 45 நாளுக்கு ஒருமுறை காய் வெட்டுகிறோம். வெட்டு முடிந்த கையோடு வந்தால் ஆபத்து கொஞ்சம் குறையும், ஆனால் எலி கடித்துத் தள்ளும் குரும்பைக்கும் காற்றுக்கும் நாள் கிழமை கிடையாது.

ஊஞ்சல் துணியை இரண்டு தென்னையில் கட்டிப் படுப்பதும் இதே கதைதான். புங்க மரத்தடியோ மாமரத்தடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தோப்புக்கு வெளியே திறந்த இடத்தில் மேலே தனிக் கூரை போட்ட டென்டாகப் பாருங்கள். முதல் வருடம் நானே அழகுக்கு ஆசைப்பட்டுத் தென்னைக்கு அடியில்தான் போட்டேன். ஒரு ஆடி மாதக் காற்றில் மட்டை விழுந்து கூரை கிழிந்தது. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை.

பள்ளி லீவு மே மாதம்தான். வரலாமா?

வரலாம், ஆனால் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை டென்டுக்குள் இருக்க முடியாது. மின்விசிறி சூடான காற்றைத்தான் சுற்றிவிடும். அந்த நேரத்துக்குத் தோப்பு நிழலோ ஓட்டு வீட்டுத் திண்ணையோ இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று எங்களுக்குப் பழகிவிட்டது, டென்டுக்குப் பழகவில்லை. ஐப்பசியில் சாயங்கால இடிமழை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நான் கூசாமல் கூப்பிடும் காலம்.

ஏசி டென்ட் என்று போட்டிருக்கிறதே?

துணிச் சுவருக்கு ஏசி போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. அந்தப் பணத்துக்கு ஓட்டு வீட்டில் ஒரு அறை எடுங்கள்.

குழந்தைகள் மாட்டுக்குத் தங்கள் கையால் ஏதாவது கொடுக்க ஆசைப்படுகிறார்கள். மிச்சமான சாதம், பொங்கல் கொடுக்கலாமா?

இதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்போடு கொடுத்தே மாட்டைக் கொன்றுவிடுகிறோம். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் மெதுவாக நொதிக்க வைக்கப் பழகியவை. திடீரென்று சோறோ பொங்கலோ கஞ்சியோ நிறைய உள்ளே போனால் மாவுச்சத்து வேகமாக நொதித்து அமிலம் ஏறிவிடும். மாடு அசை போடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கழியும், படுத்துவிடும். கவனிக்காமல் விட்டால் செத்தும் போகும். தைப் பொங்கலை ஒட்டி எங்கள் பக்கக் கால்நடை மருத்துவர்களுக்கு இந்த வேலை அதிகம்.

குழந்தை கையில் ஒரு பிடி பசும்புல், இரண்டு வாழைப்பழத் தோல், அகத்திக்கீரை, இது போதும். அதுவும் பண்ணை ஆள் பக்கத்தில் இருக்கும்போது. கன்று போட்ட மாட்டிடம் கன்றைத் தொட்டுக் கொஞ்ச வேண்டாம். தொழுவத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கறந்த பாலை அப்படியே குடித்தால் சத்து என்கிறாரே மாமனார்?

காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். புருசெல்லா, காசநோய்க் கிருமிகள் பச்சைப் பாலில் வரலாம். மாமனாரிடம் என் பெயரைச் சொல்லுங்கள், கோபம் என் மேல் இருக்கட்டும்.

பாம்பு?

இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். தோப்பில் சாரைப்பாம்பைத்தான் அதிகம் பார்ப்பீர்கள், அதற்கு விஷம் கிடையாது. நான் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் சில சமயம் வலியே தெரியாது. அதனால் கட்டில் இல்லாத டென்டை எடுக்காதீர்கள். "பசங்க கீழே பாய் போட்டுப் படுத்துக்குவாங்க" என்ற யோசனையே வேண்டாம். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், ஜிப்பை எப்போதும் மூடிவையுங்கள், செருப்பை உதறிப் போடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடித்த மாதிரி சந்தேகம் வந்தாலே 108. கீறுவது, கயிறு கட்டுவது எதுவும் கூடாது. முன்பதிவு செய்யும்போதே பக்கத்து அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுவையுங்கள். பதில் தெரியாத பண்ணைக்காரரிடம் போகாதீர்கள்.

யானை வருமா? வந்தால் பார்க்கலாமா?

டாப்சிலிப் போகும் வழியில் சேத்துமடைப் பக்கம், மலையடிவாரத் தோப்புகளில் வரும். தென்னங்குருத்துக்கும் வாழைக்கும் வரும், பலா பழுத்தால் அதற்கும். பார்க்கப் போகாதீர்கள். பழத்தை டென்டுக்குள் வைக்காதீர்கள். தோப்பு ஓரத்து சோலார் மின்வேலியைக் குழந்தைகள் தொடக் கூடாது. கிணத்துக்கடவுப் பக்கம் தங்கினால் இந்தக் கவலை இவ்வளவு இல்லை.

சொந்தமாக ஐந்து ஏக்கர் தோப்பு இருக்கிறது. நானும் டென்ட் போடலாம் என்று இருக்கிறேன்.

போடுங்கள். ஆனால் விவசாய மோட்டாருக்கு வாங்கிய இலவச மின் இணைப்பிலிருந்து டென்டுக்கு ஒரு பல்புகூட எரியக் கூடாது. தனி இணைப்பு வாங்குங்கள். அப்புறம், உரம் போடும் நாள், காய் வெட்டும் நாள் இரண்டையும் குறித்துவிட்டுத்தான் முன்பதிவு எடுக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்து, ஒரு தடவை காய் வெட்டு ஆட்களையே திருப்பி அனுப்பினேன்.

தோப்பில் நிறுத்திய கார் மேல் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது. மரத்தில் மஞ்சள் அட்டை வேறு கட்டியிருக்கிறார்கள். மகள் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், சுருள் வெள்ளை ஈ. 2016-இல் எங்கள் பொள்ளாச்சித் தென்னைகளில்தான் இந்தியாவில் முதலில் கண்டார்கள். மட்டையின் அடிப்புறம் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, இனிப்பான திரவத்தைக் கீழே சொட்டும். அதில் கரும்பூசணம் படர்ந்து கீழ் மட்டைகள் கருத்துவிடும். மஞ்சள் நிறம் அந்த ஈயை இழுக்கும், அட்டையில் தடவிய விளக்கெண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். மருந்து அடிக்காமல் இருக்கிறோமே என்றால், அதைத் தின்னும் என்கார்சியா என்ற சின்னக் குளவி இருக்கிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

காரை வெறும் தண்ணீரில் அன்றே கழுவினால் போய்விடும். அட்டையை மட்டும் தொட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். சிலர் கடையில் வாங்கிய பசை அட்டை கட்டுவார்கள். அது தலைமுடியில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஒவ்வொரு முடியாக எடுக்க வேண்டியிருக்கும்.