படர்தாமரைக்கு கல்ச்சர் டெஸ்ட் தேவையா?

கேள்வி: என் கணவருக்கு ஐந்து மாதமாகத் தொடையிடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் தந்த க்ரீம் போட்டால் நாலு நாளில் அடங்கும். விட்டால் வட்டம் பெரிதாகிறது. கால் பெருவிரல் நகமும் மஞ்சளாகத் தடித்திருக்கிறது. தோல் டாக்டர் கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார், நாலு வாரம் ஆகுமாம். அவசியமா?

பதில்: அவசியம்தான். கல்ச்சர் என்பது சுரண்டி எடுத்த மாதிரியை லேபில் வைத்து, என்ன பூஞ்சை வளர்கிறது என்று பார்ப்பது. முதலில் அந்த ட்யூபின் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு அடங்கும்; பூஞ்சையோடு மல்லுக்கட்டும் தோலின் எதிர்ப்பும் அடங்கும். பூஞ்சை சுகமாகப் படரும். இத்தகைய க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே உத்தரவு வந்தது. இன்றும் "அண்ணே, அரிக்குது" என்றால் கவுன்டரில் எடுத்து நீட்டுகிறார்கள். யார் கேட்கிறார்கள்?

வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சையா என்பது அன்றைக்கே தெரியும். எந்தப் பூஞ்சை என்பதற்குத்தான் கல்ச்சர். நம் ஊரில் இப்போது பரவலாக இருப்பது ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. 2020-ல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல நேரம் மசியாது. கல்ச்சரிலும் தன் சொந்தக்காரப் பூஞ்சை போலவே தெரியும். உறுதி செய்ய மரபணுச் சோதனை வேண்டும். அந்த வசதி எத்தனை லேபில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

ரத்தம் எடுத்துப் 'பூஞ்சை பேக்கேஜ்' என்று விற்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தோல் பூஞ்சை ரத்தத்தில் தெரியாது. சர்க்கரை பார்ப்பது வேறு விஷயம்.

நகம் மட்டும் தனிக்கதை. நுனியை வெட்டிக் கொடுத்தால் போதாது. கெட்ட நகத்தை முடிந்தவரை உள்ளே தள்ளி வெட்டி, அடியிலிருக்கும் பொடியையும் சுரண்டித் தர வேண்டும். அப்படியும் ஒருமுறை 'இல்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள், திரும்பக் கொடுங்கள். 'ஆஸ்பெர்ஜிலஸ்' என்று வந்தாலும் பதறாதீர்கள். அது காற்றில் திரியும் பூஞ்சை, கல்ச்சர் தட்டில் வந்து விழுந்திருக்கலாம். மறுபடி எடுத்தும் அதுவே வளர்ந்து, மைக்ராஸ்கோப்பிலும் இழை தெரிந்தால்தான் கணக்கு. தடித்த நகமெல்லாம் பூஞ்சையும் அல்ல. சொரியாசிஸ் என்ற தோல் நோயிலும் இப்படி ஆகும்.

சரி, டாக்டரிடம் சொல்லிவிட்டு க்ரீமை இரண்டு வாரம் நிறுத்துங்கள். அதில் பூஞ்சை மருந்தும் கலந்திருந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். நிறுத்தியதும் அரிப்பு கூடும். அதற்காக மறுபடி மெடிக்கலுக்குப் போகாதீர்கள். மாதிரி கொடுக்கும் நாளில் பழைய ட்யூபையும் டாக்டரிடம் காட்டுங்கள்.