தோல் எங்கே, அம்மா?

கேள்வி: அபர்டீனில் வசிக்கிறேன். கணவர் ஸ்காட்லாந்துக்காரர், மாமியாருக்கு ஊர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னித் தீவு. என் ஐந்து வயது மகளுக்கு அவர் தம் ஊர்க் கதைகளைச் சொல்வார். சீல் என்னும் கடல்நாய்ப் பெண்ணின் கதையைக் கேட்ட அன்று குழந்தை அழுது, அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். இரவில் இனிக் கதை வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். இப்போது ஞாயிறுதோறும் வந்து, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கதைகளை நானே மாற்றிச் சொல்கிறேன். என் கதையில் சீல் பெண் கரையிலேயே சந்தோஷமாக இருந்துவிடுகிறாள். மாயக்குதிரை குழந்தைகளின் நண்பன். ஆனால் மகள், "அந்தத் தோல் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், தூங்க மறுக்கிறாள். நம் ஊர் வடை சுட்ட பாட்டி கதைபோல இவற்றையும் மென்மையாகச் சொல்ல முடியாதா? எவற்றைத் தவிர்க்கலாம்?

பதில்: தவிர்க்க வேண்டிய கதைகளின் பட்டியல் என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். குழந்தை பயப்படுகிறாள் என்று வருடக்கணக்காகக் கடிதங்கள் வருகின்றன. பயந்தது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் கடிதம் எழுதியவர்தான். வடைக் கதை மென்மையானது என்கிறீர்கள். அதிலும் திருட்டுதான் நடக்கிறது அம்மா, அதுவும் இரண்டு முறை.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். அதைத் தூங்க மறுக்கும் பிடிவாதம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். கதையில் நீங்கள் மூடி வைத்த இடம் எதுவோ, அங்கேயே விரலை வைத்திருக்கிறாள் அவள்.

மாமியாரின் ஊர்க் கதையை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். வால்ட்டர் டிரெய்ல் டெனிசன் என்ற ஆர்க்னிக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதி வைத்த வடிவம் இது. செல்கி என்றால் அங்கே சீல்தான். தோலைக் கழற்றினால் மனித உருவம். பாறையில் வெயில் காயும் ஒருத்தியின் தோலை ஒருவன் எடுத்துக்கொண்டு நடக்கிறான். தோல் இல்லாமல் கடலுக்குத் திரும்ப முடியாது. அழுதபடி அவன் பின்னால் வருகிறாள். ஏழு பிள்ளைகள் பிறக்கிறார்கள். ஆள் இல்லாத நேரமெல்லாம் வீட்டைக் குடைந்து தேடுகிறாள். ஒருநாள் கணவனும் மூன்று மகன்களும் மீன்பிடிக்கப் போயிருக்கிறார்கள். காலில் புண் என்பதால் கடைக்குட்டிப் பெண் மட்டும் வீட்டில் இருக்கிறாள். என்ன தேடுகிறாய் என்று அம்மாவைக் கேட்கிறாள். உன் கால் புண் ஆறும்படி செருப்புத் தைக்க நல்ல தோல் தேடுகிறேன் என்கிறாள் தாய். குழந்தைக்கு இடம் தெரியும். தான் தூங்குவதாக நினைத்து, கட்டிலுக்கு மேலே கூரையிடுக்கிலிருந்து அப்பா ஒரு தோலை எடுத்துப் பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். தாய் தோலோடு கடலுக்கு ஓடுகிறாள். படகில் வரும் கணவனைப் பார்த்து, நீ எனக்கு நல்லவனாகவே இருந்தாய், ஆனாலும் என் கடல் கணவனையே அதிகம் நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். தோல் இன்னும் கூரையிடுக்கில் கிடக்கிறது. எடுத்தவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கதையிலேயே பெரிய காரியம் செய்தவள் கடைக்குட்டி. அவளையும் வெளியே அனுப்பிவிட்டீர்கள். அடுத்தவர் பொம்மையைத் திருப்பிக் கொடு என்று பள்ளியில் தினமும் சொல்லிக் கொடுக்கப்படும் குழந்தை வேறு எதைக் கேட்பாள்? குடும்பம் கலையக் கூடாது என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதி வசவு வாங்கியவள் நான். ஆனால் ஒருத்தியின் தோலை ஒளித்து வைத்து நடத்தும் குடித்தனத்தைச் 'சந்தோஷமான குடும்பம்' என்று பெண் குழந்தையிடம் சொல்லித் தூங்க வைக்க எனக்கு வாய் வராது. நானாக இருந்தாலும் கூரையைக் காட்டித்தான் கொடுப்பேன்.

அழுதாள் என்கிறீர்கள். அழட்டும். அம்மா போய்விட்ட கதைக்கு அழாமல் வேறு எதற்கு அழுவாள்? அழுத பிறகு நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறுதல் வேண்டுமென்றால் அதுவும் மரபிலேயே இருக்கிறது: கரையோரம் தலை தூக்கிப் பிள்ளைகளைப் பார்த்துப் போகும் சீல், பாறைமேல் அவர்களுக்காக மீனை விட்டுப் போகும் தாய் என்று சொல்பவர்கள் உண்டு.

குதிரை விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. கெல்பி என்ற அந்த மாயக்குதிரை தண்ணீர்க் கரையில் சாதுவாக நிற்கும். குழந்தைகள் ஏற ஏற முதுகு நீளும். தொட்ட கை ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீருக்குள் பாய்ந்துவிடும். ஒரு விரலால் மட்டும் தொட்டவன் அந்த விரலை வெட்டிக்கொண்டு தப்புவான். லாக் நெஸ் ஏரியின் ஆழம் 200 மீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட குளிர்ந்த நீர்நிலைகளின் கரையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன தாய்மார்கள் கட்டி வைத்த வேலி அந்தக் குதிரை. அதை நண்பனாக்கி வேலியைப் பிடுங்கிவிட்டீர்கள். விரல் வெட்டுவது ஐந்து வயதுக்கு அதிகம் என்றால் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான் என்று சொல்லுங்கள், தவறில்லை. குதிரை மட்டும் கெட்டதாகவே இருக்கட்டும்.

சிரிக்க வைக்கும் கதைகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. சாம்பலில் புரளும் சோம்பேறிக் கடைக்குட்டி அசிபாட்டில், எரியும் கரித்துண்டோடு ராட்சதக் கடற்பாம்பின் வயிற்றுக்குள் போய் ஈரலைக் கொளுத்துவான். பாம்பு துடிக்கும்போது உதிர்ந்த பற்கள்தாம் ஆர்க்னி, ஷெட்லாந்து, ஃபாரோ தீவுகள்; சுருண்டு செத்த உடல் ஐஸ்லாந்து. பல் ஆடத் தொடங்கும் வயதில் இதைவிட என்ன கதை வேண்டும்? ஆனால் அதையும் நீங்கள் சொல்ல வேண்டாம்.

மாமியார் சொல்லட்டும். 'பக்குவமாகச் சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பக்குவத்துக்குப் பிறகுதான் ஒரு பாட்டி பேத்தி வீட்டுக்கு விருந்தாளியாக வந்து போகிறார். ஜான் பிரான்சிஸ் கேம்பல் ஸ்காட்லாந்தின் மேற்கு ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதிக் கதைகளை 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக அச்சிட்டபோது, சொன்னவரின் பெயரையும் ஊரையும் சேர்த்தே போட்டார். உங்கள் வீட்டில் அப்படிப் பெயர் போட வேண்டியவரைத் தேநீரோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். மகனின் வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய நிலை உங்கள் அம்மாவுக்கு வந்தால் எனக்கு எத்தனை பக்கம் எழுதுவீர்கள்?

வருகிற ஞாயிறு அவரை இரவு தங்கச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவும் சாக்கில் அடுப்படியில் நின்றுவிடாமல், மகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். தோல் எங்கே இருந்தது என்று இந்த முறை நீங்கள் கேளுங்கள்.